மேப்பிள் துப்பாக்கிக் கட்டை ஏன் திட்டுத்திட்டாகச் சாயம் ஏறுகிறது?

துப்பாக்கியின் மரப்பகுதியான மேப்பிள் கட்டையில், கடையில் வாங்கிய ஸ்டெயின் என்னும் மரச்சாயத்தைப் பூசினால் ஓரிடம் கறுத்து, ஓரிடம் வெளிறி நிற்கிறது, பழைய ரைபிள்களின் செம்பழுப்பு வரவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

குறை உங்கள் கையில் இல்லை, மரத்தில்தான். மேப்பிள் இறுக்கமான மரம், துளைகள் மிக நுண்ணியவை. நிறமித்துகள் கலந்த ஸ்டெயின் உள்ளே சீராக இறங்க வழியில்லாமல் மேலேயே திட்டுத்திட்டாகப் படிந்து, மரத்தின் அழகான அலைரேகையையும் மூடிவிடும்.

18ஆம் நூற்றாண்டு அமெரிக்க நீள்குழல் ரைபிள்களுக்குக் கையாண்ட முறைகளில் ஒன்று, நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசுவது. இன்று இரும்பு நைட்ரேட் படிகத்தைத் தண்ணீரில் கரைத்தாலே போதும். முதலில் ஈரத்துணியால் துடைத்து, எழும்பும் நார்களை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கரைசலைப் பூசிக் காயவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை அதன்மேல் மெதுவாக நகர்த்துங்கள். மங்கிக் கிடந்த கட்டை சூடு பட்ட இடத்தில் சட்டென்று செம்பழுப்பாக மாறும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி அது! கையுறை கட்டாயம், வேலை திறந்த வெளியில்தான். பிறகு சமையல் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்துக் கழுவுங்கள்.

அமிலம் வேண்டாமென்றால் ஸ்பிரிட்டில் கரையும் சாயம் நல்லது.

எதுவானாலும் அதே மரத்தின் உபரித் துண்டு ஒன்றில் முதலில் சோதியுங்கள், அதன்மேல் ஆளிவிதை எண்ணெயும் தடவிப் பாருங்கள். எண்ணெய் பட்ட பிறகு தெரிவதுதான் உண்மையான நிறம். கறுத்துப்போனால் எஃகுக் கம்பளியால் தேய்த்து வெளுக்கலாம்.