மெக்கானிக் பதில்கள்: சத்தம் கூடும், சக்தி?

கேள்வி: அண்ணே, என்னுடையது 2016 டொயோட்டா ஆல்ட்டிஸ் 1.6. கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழான சிஓஇயை இன்னும் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துவிட்டேன். தீவு விரைவுச்சாலையில் சேரும்போது வண்டிக்கு இழுவை போதவில்லை. எஞ்சினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துத் தரும் ‘கோல்டு ஏர் இன்டேக்’ குழாய் மாட்டினால் 15 குதிரைசக்தி கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார் நண்பர். கடையில் 600 வெள்ளி கேட்கிறார்கள். அந்தக் காசுக்கு ஏர்கானைச் சரிசெய்யலாமே என்கிறார் மனைவி. யார் பேச்சைக் கேட்பது?
– ஈசூன் வாசகர்

பதில்: மனைவி பேச்சைக் கேளுங்கள் தம்பி. நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டுமே, அதற்காகக் காரணத்தையும் தருகிறேன்.

குளிர்ந்த காற்றில் அடர்த்தி அதிகம், அதனால் எஞ்சினுக்குள் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகப் போகும், சக்தியும் கூடும். இது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நம் ஊர் வெப்பநிலையில் காற்று 3 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 1 சதவீதம்தான் ஏறும். உங்கள் எஞ்சின் தருவது ஏறக்குறைய 120 குதிரைசக்தி. அதோடு 15 சேர வேண்டுமென்றால் 12.5 சதவீதம் கூடுதல் காற்று வேண்டும். இப்போது 35 டிகிரி காற்று உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 1 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் நண்பரின் கணக்கு நேராகும். சிங்கப்பூரில் அந்தக் காற்றுக்கு எங்கே போவது? மத்தியானத்தில் வெளியே 32 டிகிரி, வாகன நெரிசலில் தார்ச்சாலைக்கு மேலே இன்னும் அதிகம்.

இன்னொன்று, பெரும்பாலான கார்களில் தொழிற்சாலையில் போட்ட குழாயே போனட்டின் முன் ஓரத்திலிருந்தோ மட்கார்டு பக்கத்திலிருந்தோ வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதாவது குளிர்காற்றுக் குழாய் உங்கள் காரில் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் அந்தப் பெயரில் விற்பதில் பலவும் மூடியில்லாத கூம்பு ஃபில்டர்கள். எஞ்சின் பக்கத்திலேயே திறந்தபடி நிற்கும். அடுப்படியில் நின்றுகொண்டு காற்று வாங்குகிற கதைதான். புக்கிட் தீமா சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றால் போனட்டுக்குள் சூடு ஏறும், அந்தச் சூட்டைத்தான் ஃபில்டர் உறிஞ்சும். சூடான காற்றால் பெட்ரோல் முறைதவறி எரிந்து எஞ்சின் ‘டக்டக்’கென்று தட்டக்கூடாது என்று கம்ப்யூட்டரே தீப்பொறி விடும் நேரத்தை, அதாவது இக்னிஷனை, பின்னுக்குத் தள்ளும். பச்சை விழுந்து நீங்கள் மிதிக்கிற நேரத்தில் முன்பிருந்த இழுவையும் இருக்காது.

சரி, அப்படியானால் போட்டவர்கள் எல்லாம் ‘வித்தியாசம் தெரியுது’ என்கிறார்களே? தெரியும். காதில் தெரியும். பழைய ஏர் பெட்டியிலும் அதன் குழாயிலும் சத்தத்தை அடக்கும் அறைகள் உண்டு. அவற்றைக் கழற்றியதும் மிதிக்கும்போதெல்லாம் எஞ்சின் உறுமும். உறுமல் கேட்டால் கால் தானாகவே இன்னும் அழுத்தும், வண்டியும் பாயும். பாய்ந்தது காலால்தான். பட்டறைகள் நிறைந்த சின் மிங்கில் நான் ஸ்பேனர் பிடித்த காலத்தில் இந்த மகிழ்ச்சியை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன். சத்தம் பிடித்திருக்கிறது, அதற்காகப் போடுகிறேன் என்று நேராகச் சொன்னவர்களிடம் எனக்குச் சண்டையே இல்லை.

பெட்ரோல் மிச்சம் என்பது இன்னும் பலவீனமான பேச்சு. சாதாரணமாக ஓட்டும்போது காற்றை மறித்து நிற்பது ஃபில்டர் இல்லை, நீங்கள் பெடலை மிதிக்க மிதிக்கத் திறக்கும் திராட்டில் தட்டு. லேசாக மிதித்தால் அது பாதிகூடத் திறக்காது. அதற்கு முன்னால் எவ்வளவு அகலமான குழாய் போட்டு என்ன?

கடைக்காரர், எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் காகிதத்தை நீட்டினால் ஒரு கேள்வி கேளுங்கள்: போனட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய விசிறியை ஓடவிட்டு எடுத்ததா? மூடிய போனட்டோடு, ஒரே நாளில், முன்னும் பின்னும் எடுத்த காகிதம் என்றால் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன். நீங்களே சோதிக்கவும் வழி இருக்கிறது. காரின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் ஓபிடி பிளக்கில் சொருகும் சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. கைப்பேசியில் ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ என்ற எண்ணைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது அது வெளி வெப்பநிலைக்குக் கிட்டத்தட்ட இருந்தால், இதற்கு மேல் குளிர்விக்க ஒன்றும் மிச்சமில்லை.

எனக்குப் பயம் தருவது வேறு. சில செட்டுகளில் ஃபில்டரை முன் பம்பருக்குள் தாழ்வாக இறக்குவார்கள். அங்கே காற்று உண்மையிலேயே குளிர்ச்சிதான். ஆனால் டனர்ன் சாலையில் திடீர் வெள்ளம் வரும் ஊர் இது. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் அதையும் உறிஞ்சிவிடும். தண்ணீரை நசுக்க முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சினே போய்விடும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் என்றால் எண்ணெயை அளவோடு பூச வேண்டும். அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரில் படிந்து அது தப்புக்கணக்குப் போடும்.

10 வயதைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும். அதனால் எதை மாற்றுவதானாலும் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதியைப் பார்த்துவிடுங்கள். கழற்றிய பழைய பெட்டியையும் வீசிவிடாதீர்கள். ‘பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் போட்டுவிட்டேன்’ என்று தலையைச் சொறிந்தவர்கள் நிறைய.

இழுவை குறைந்திருப்பது உண்மையென்றால், இந்த வயதுக் காரில் நான் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் பெட்டியைத்தான். கறுத்துப்போன காகித ஃபில்டரை மாற்றுங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக், திராட்டில் பாடி சுத்தம், டயர் காற்று. பிரேக் ஏதாவது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதை மறந்துவிட்டு எஞ்சினைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

கேள்வி: எங்களுடையது டர்போ கார். அதற்கும் இதே பதில்தானா?
– பொங்கோல் வாசகி

பதில்: கொஞ்சம் மாறும், அம்மா. டர்போ காற்றை அழுத்தும்போதே அது 100 டிகிரிக்கு மேல் சூடாகலாம். அதைக் குளிர்விப்பது இன்டர்கூலர். அதற்கு முன்னால் இன்டேக் வாசலில் 4 டிகிரி குறைத்துப் பெரிய லாபம் வராது. எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்புகளை மாற்றி, அதாவது ரீமேப் செய்து, டர்போ அழுத்தத்தைக் கூட்டி, காற்று நிறையத் தேவைப்படும் நிலைக்கு வண்டியைக் கொண்டுபோனவர்களுக்குப் பெரிய இன்டேக் பயன் தரும். செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறவர்கள் அந்தச் செலவைச் செய்யட்டும். உங்கள் கார் இன்னும் வாரண்டியில் இருந்தால், எதையும் தொடுமுன் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.