சேலத்திலிருந்தே கல்லீரல் ஆராய்ச்சி தொடங்கலாமா?

சேலத்தில் எம்.எஸ். (அறுவை மருத்துவ மேற்படிப்பு) படித்துக்கொண்டே கல்லீரல் மாற்று ஆராய்ச்சிக்குப் போக ஆசை, ஆய்வக வசதி எட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வார்டே போதும் தம்பி.

ஈரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஆத்தூரிலிருந்தும் ஏற்காட்டுக் கிராமங்களிலிருந்தும் வருகிறவர்களைப் பார்க்கிறீர்கள் அல்லவா? நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் பிலிருபின், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்), கிரியேட்டினின், சோடியம் அளவுகளைக் குறித்துக்கொண்டு மெல்டு மதிப்பெண் போடுங்கள்; கல்லீரல் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று காட்டும் எண் அது. 15-ஐத் தொட்டாலே மாற்று மையத்தின் கருத்தைக் கேட்பது பொது வழக்கம். நம் மக்கள் எந்த மதிப்பெண்ணில் அங்கே போய்ச் சேருகிறார்கள்? போகாதவர்களுக்குத் தடை பணமா, தானம் தர ஆள் இல்லாததா, யாருமே எடுத்துச் சொல்லாததா? என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய ஆய்வுக் கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை.

அப்புறம் நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி, எம்.சிஎச். என்ற உயர் சிறப்பு அறுவைப் படிப்பு, 3 ஆண்டு. அது தெரிந்த பாதைதான்.

தாமதமாகிறதே என்று கவலைப்படாதீர்கள். 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்ஸல் முதன்முதலில் கல்லீரல் மாற்றிய குழந்தை மேசையிலேயே இறந்தது. அடுத்த நோயாளிகளும் பிழைக்கவில்லை. மாற்று சிகிச்சையை நிறுத்திவிட்டு ஆய்வுக்குத் திரும்பினார். 1967-ல் மாற்றிய குழந்தை ஓராண்டைத் தாண்டி வாழ்ந்தது.

நோயாளிகளின் விவரங்களைக் குறிக்கும் படிவம் தயாரானதும் இங்கே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.