பழைய வலைப்பூப் பதிவுகளைத் திருத்தினால் கூகுள் தேடலில் மேலே வருமா? தேதியை மட்டும் மாற்றினால் போதுமா?

திருத்தினால் வர வாய்ப்பு உண்டு. தேதியை மட்டும் மாற்றினால் வராது. என் பதிவு ஒன்றுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2010இல் தனுஷ்கோடி போய் வந்து பிளாக்கரில் எழுதினேன். அப்போது பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வேனில் ஏறி, மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போய்த்தான் 1964 புயலில் அழிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்க முடியும். வேன் எங்கே கிடைக்கும், எவ்வளவு கேட்பார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தேன். சில வருஷம் நிறையப் பேர் படித்தார்கள். அப்புறம் வருகை குறைந்து, கிட்டத்தட்ட நின்றே போனது.

காரணம் எளிது. 2017 ஜூலையில் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்துவிட்டார்கள். காரிலேயே கடைசி வரை போகலாம். என் பதிவோ இன்னும் வேன் எங்கே ஏறுவது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி யாராவது குழந்தைகளோடு சத்திரத்தில் காரை நிறுத்திவிட்டு வேன் தேடியிருப்பார்களோ என்ற நினைப்புத்தான் என்னை உட்கார்ந்து திருத்த வைத்தது.

முதலில் கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்தேன். இலவசம்தான், 16 மாதத் தரவு வரை காட்டும். என்ன சொல் தட்டித் தேடியபோது நம் பதிவு தென்பட்டது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று எல்லாம் அதில் இருக்கும். 'தனுஷ்கோடி எப்படிப் போவது', 'அரிச்சல்முனை வரை கார் போகுமா', 'கடைசி பஸ் எத்தனை மணி' என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் பதிவு இரண்டாம் பக்கத்தில் தென்பட்டிருக்கிறது. யாரும் திறக்கவில்லை. அவர்கள் கேட்டதற்குப் பதிவில் பதிலே இல்லை.

மறுபடி ஒரு தடவை போய் வந்துவிட்டு, இன்றைக்குப் போகும் வழி, பஸ், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பதிவின் தலைப்பகுதியில் புதிதாக எழுதினேன். பழையதை அழிக்கவில்லை. '2010இல் போனபோது' என்று துணைத்தலைப்புப் போட்டு அப்படியே கீழே விட்டேன். இதை நான் அழுத்திச் சொல்வேன்: பழைய அனுபவத்தை வெட்டிவிட்டு, பெரிய சுற்றுலாத் தளங்கள் மாதிரி வெறும் வழிகாட்டியாக மாற்றிவிடாதீர்கள். அந்த வேன் பயணத்தை இனி யாரும் புதிதாகப் போய் எழுத முடியாது. உங்கள் பதிவில் மட்டும் இருப்பது அதுதான்.

தலைப்பையும் மாற்ற வேண்டியிருந்தது. 'மணலில் ஒரு மாலை' என்று வைத்திருந்தேன். ஊர்ப் பெயரே இல்லை. 'தனுஷ்கோடி பயணம்: மணலில் ஒரு மாலை' என்று ஆக்கினேன். பிளாக்கரின் பழைய வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) இன்னொரு சங்கடம் உண்டு. தேடலில் வலைப்பூவின் பெயர் முன்னால் நிற்கும், பதிவின் தலைப்பு பின்னால் போய்விடும். வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றினால் சரியாகிவிடும்.

முகவரியை மட்டும் தொடாதீர்கள். முழுக்கத் தமிழில் தலைப்பு வைத்தால் பிளாக்கர் அதை முகவரியில் எடுக்காது, 'பிளாக்-போஸ்ட்' என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். பார்க்க அழகாக இருக்காது, பரவாயில்லை. பத்து வருஷமாக மற்றவர்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அந்த முகவரிக்குத்தான் வருகின்றன. மாற்றியே தீர வேண்டுமென்றால் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும் வசதி பிளாக்கரின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) இருக்கிறது, அதையும் செய்யுங்கள்.

அன்று சின்னதாகப் போட்ட படங்களைப் பெரிதாக்கலாம். பட முகவரியில் 'எஸ்320' என்று இருக்கும், அதை 'எஸ்1600' ஆக்கினால் போதும். அப்புறம் பின்னூட்டங்களைப் பாருங்கள். எனக்கு வந்த பின்னூட்டத்தில் ஒருவர், வயதானவர்களை அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தார். அதற்கு நான் எழுதிய பதிலை அப்படியே பதிவுக்குள் கொண்டுவந்தேன்.

தேதி விஷயம். உள்ளடக்கம் மாறாமல், புதிது போலக் காட்டத் தேதியை மட்டும் மாற்றுவது சரியான வழி இல்லை என்று கூகுளே தன் வழிகாட்டுதலில் எச்சரிக்கிறது. நான் 2010 என்ற தேதியை விட்டுவிட்டு, பதிவின் முதல் வரியில் எப்போது எதைத் திருத்தினேன் என்று எழுதிவிடுகிறேன். எல்லாத் தேடலுக்கும் புதுமை தேவையும் இல்லை. பஸ் நேரம் கேட்பவருக்கு இந்த வருஷத் தகவல் வேண்டும். 1964 புயலைப் பற்றிக் கேட்பவருக்குப் பழைய பதிவே போதும்.

திருத்தியதும் சர்ச் கன்சோலில் அந்த முகவரியைக் கொடுத்து மறுபடி பார்க்கச் சொல்லிக் கோரலாம். உடனே ஏறாது. எனக்கு இரண்டு மாதம் போல ஆனது முதல் பக்கத்துக்கு வர. அதோடு முடிந்தும் விடாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், ராமேஸ்வரம் வரை ரயிலில் வரலாம் என்ற வரியைத் திருத்தினேன். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் மறுபடி திருத்தினேன்.

எல்லாப் பதிவையும் ஒன்றாக எடுக்காதீர்கள். தேடலில் எட்டிலிருந்து இருபதாவது இடத்துக்குள் இருப்பவற்றை முதலில் எடுங்கள், கொஞ்ச உழைப்பில் அவைதான் ஏறும். சமையல் குறிப்பு, பயணம், அரசு விண்ணப்பம் மாதிரி யாராவது நம்பிச் செயல்படக்கூடிய பதிவுகளை முன்னால் வையுங்கள். தாத்தா இறந்த வாரம் நான் எழுதிய பதிவு ஒன்று இருக்கிறது. அதில் எழுத்துப்பிழையைக்கூட நான் தொடவில்லை.