தர்ஷினியில் முடிந்துவிடும் முடிவுகள்

கேள்வி: கோவையில் என்னுடன் படித்த இரு நண்பர்களோடு சேர்ந்து, பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் நிறுவனம் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நால்வராக இருந்தபோது மளமளவென்று நடந்த வேலை, பன்னிரண்டு பேரான பிறகு நகர மறுக்கிறது. யாரும் பொறுப்பெடுப்பதில்லை, இரவில் நானே உட்கார்ந்து திருத்துகிறேன். அண்மையில் இருவர் விலகினர். அவர்களுள் ஒருவரான ஹுப்பள்ளிக்காரர், "எல்லாம் எனக்குக் கடைசியில்தான் தெரிகிறது" என்றார். நான் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதில்: கண்டிப்பு வேண்டாம். விலகியவர் சொன்ன அந்த ஒரு வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்தில் அதுவே முக்கியமாகப் படுகிறது.

நால்வர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைகள் 6 மட்டுமே. பன்னிரண்டு பேரில் அவை 66. ஆள்கள் மூன்று மடங்கானபோது பேச்சுத் தொடர்புகள் பதினொரு மடங்காகிவிட்டன. நீங்களோ, மூன்று நண்பர்களும் தர்ஷினி என்னும் நின்று சாப்பிடும் சிறு உணவகத்தில், ஒரு காபியை இருவர் பங்கிட்டுக் குடிக்கும் பை-டூ காபியோடு பேசி முடிவெடுக்கும் பழைய வழக்கத்தையே தொடர்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே தமிழில் பேசுவது தவறன்று. நான்கு மொழி புழங்கும் ஊரில் அதை யாரும் பெரிதுபடுத்தப் போவதில்லை. ஆனால் பேச்சோடு முடிவும் அங்கேயே முடிந்துவிடுவதால், மற்ற ஒன்பது பேருக்கும் காரணம் தெரியாத கட்டளை மட்டுமே வந்து சேர்கிறது. என்ன முடிவு, ஏன், யார் பொறுப்பு, எப்போதைக்குள் என்பதை அன்று மாலையே எல்லோரும் பார்க்கும் இடத்தில் நான்கு வரியில் எழுதுங்கள். மறுநாள் வரை மறுத்துப் பேச இடம் கொடுங்கள்.

இரவுத் திருத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனெனில் அதே தவற்றைச் செய்தவன் நான். எட்டுப் பேர் கொண்ட என் முதல் குழுவில், அரைகுறையாக ஒப்படைத்த ஓர் இளம் பொறியாளரிடம் காரணம் கேட்டபோது, "எப்படியும் நீங்கள் மாற்றத்தானே போகிறீர்கள் சார்" என்று அவர் கோபமே இல்லாமல் சொன்னது இன்றும் உறுத்துகிறது. காலையில் வந்து பார்க்கும்போது தம் வேலை சொல்லாமல் கொள்ளாமல் மாறியிருந்தால், அடுத்த முறை யார் மெனக்கெடுவார்? குறையை எழுதிவைத்துவிட்டு, செய்தவரே திருத்தட்டும் என்று விடுங்கள். இரண்டு நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் பில்லில் ஜிஎஸ்டி தப்பாக விழுகிறது என்றால் மட்டும் உடனே கை வையுங்கள், மறுநாள் காலை முதல் வேலையாக உரியவரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள்.

இடையில் ஒன்று: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். புகார் சொல்ல மூன்று நண்பர்களைத் தவிர வேறு ஆளில்லாத அலுவலகத்தில், பலர் சொல்லாமலேயே விலகிவிடுவார்கள்.

இவற்றை அறிவிக்கும் முன் உங்கள் நண்பர்கள் இருவரிடமும் பேசிவிடுங்கள். காபி நேரத்தின் அதிகாரம் பறிபோவதில் அவர்களுக்கு வருத்தம் இருக்கக்கூடும். பிறகு அந்த ஹுப்பள்ளிக்காரரைத் தர்ஷினிக்கு அழைத்து, எந்தெந்த முடிவுகள் தமக்குத் தாமதமாக வந்தன என்று சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பை-டூ வேண்டாம், முழுக் காபியாகவே சொல்லுங்கள்.