வாசிப்புப் பிரியைக்குப் பாடத்திட்டம்

வணக்கம் சகோதரி. பதினொரு வயது மகள் பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களையும் முடித்துவிட்டாள், இனி அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி தயாரிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். என் மகனுக்கு அப்படிச் செய்துதான் மூன்று மாதம் அவன் புத்தகத்தையே தொடவில்லை.

அவள் தானாகப் படிப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பாடத்துக்கென்று வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் போதும். எடுப்பது சின்னதாக இருக்கட்டும். புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே வரி. தந்தை பாரியைப் போரில் இழந்த பாரி மகளிர் பாடியது. முதலில் நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள். கதையை அப்புறம் சொல்லலாம். என் மகன் ‘அவ்வெண் நிலவின்’, ‘இவ்வெண் நிலவின்’ இரண்டின் மேலும் விரல் வைத்து, "ஒரே நிலாதானே அம்மா, அப்பா மட்டும்தானே இல்லை?" என்றான். அன்றைக்கு அதற்கு மேல் நான் எதுவும் நடத்தவில்லை.

சோழர் கதையில் ஊறியிருக்கிறாள் அல்லவா, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. நாவலில் வரும் நந்தினியோ கல்கியின் கற்பனை. எது வரலாறு, எது கதை, கல்கி ஏன் அப்படிச் சேர்த்தார் என்று அவளையே தேடச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓடிவிடும்.

எழுத்துக்கு ஒரு நோட்டு, பிடித்த வரியும் காரணமும். அதில் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். பிழைகளைத் தனியாக, வேறொரு நாள் பாருங்கள்.