அலுமினா ஸ்லீவ் விரிசல் விடுகிறதா? சூட்டைக் கூட்டுவது தீர்வல்ல

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். பம்பில் போடும் 99% அலுமினா (அலுமினிய ஆக்சைடு பீங்கான்) ஸ்லீவ், அதாவது தண்டின் மேல் மாட்டும் குழாய் போன்ற உறை, அடிக்கடி விரிசல் விடுகிறது. 1700 டிகிரியில் சுட்டு இன்னும் கெட்டியாகத் தருவதாகச் சப்ளையர் சொல்கிறார். சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்ததற்கு மாறலாமா?

பதில்: தாராளமாக மாறுங்கள். 1700 டிகிரிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

உங்கள் ஸ்லீவ் தேயவில்லை, பிளக்கிறது. குறைவது கடினத்தன்மை அல்ல, விரிசலைத் தடுக்கும் திறன். அலுமினாவுக்கு அந்த மதிப்பு (MPa√m அலகில்) 3 முதல் 4 என்றால், எடையில் 20% சிர்கோனியா சேர்த்து ஒழுங்காகச் சுட்டதற்கு 5, 6 வரை வரும். விரிசல் நெருங்கும்போது சிர்கோனியா துகள் படிக அமைப்பு உருமாறி, சுமார் 4% பருத்து, விரிசலின் வாயை நெருக்கிவிடும். துகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவாக இருந்தால்தான் இது நடக்கும். 1700-ல் துகள் பெருத்து, சூளை ஆறும்போதே உருமாறிவிடும். சரக்கு கைக்கு வரும்போதே உள்ளே நுண்விரிசல் இருக்கும். 1550–1600 டிகிரியில் 2 மணி நேரம் போதும். தொடக்கத்தில் 600 டிகிரி வரை நிமிடத்துக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது. அவசரப்பட்டால் பைண்டர் (தூளை ஒட்டவைக்கும் பசை) எரிந்து வரும் வாயு உள்ளிருந்தே வெடிப்பு உண்டாக்கும்.

இடைத்தரகர்கள் நீட்டும் கடினத்தன்மைச் சான்றிதழை நம்பவே நம்பாதீர்கள். அது பெரும்பாலும் தனியாகச் சுட்ட சோதனைத் துண்டுக்கு வாங்கியது. நீங்களே எடை போடுங்கள். ஸ்லீவ் காற்றில் 128.1 கிராம், நூலில் கட்டி நீரில் முழுக்கினால் 98.1 கிராம் என்றால், 128.1-ஐ இரண்டு எடைகளின் வித்தியாசமாகிய 30-ஆல் வகுக்க 4.27 (கன செ.மீ.க்கு கிராம்) வரும். 20% கலவையின் முழு அடர்த்தி அதுதான். 4.2-க்குக் கீழே வந்தால் திருப்பி அனுப்புங்கள். 4-க்கும் கீழே என்றால் சிர்கோனியா போடவே இல்லை, அல்லது உள்ளே ஏகப்பட்ட துளை. சிவப்பு மை தடவிக் கழுவியும் கறை போகாவிட்டால் துளை மேற்பரப்பிலேயே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. "முழு சிர்கோனியாவே போடலாமே" என்று அதிக விலைக்குத் தள்ளப் பார்ப்பார்கள். 100 முதல் 250 டிகிரி வரையிலான நீராவியிலும் வெந்நீரிலும் அதன் மேற்பரப்பு தானாகவே உருமாறிச் சொரசொரத்து விரிசல் விடும். 80 டிகிரியிலும் இது நடக்கும், மெதுவாக. 20% கலவையில் சிர்கோனியாவின் கனஅளவு 14% மட்டுமே. துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடராததால் கேடு ஆழப் பரவாது. அதனால் நீராவி படும் பம்புக்கு 20%-ஐத் தாண்டாதீர்கள், 30, 40 என்று யார் ஆசை காட்டினாலும்.

குறைந்த விலைக்கே ஆர்டர் என்ற டெண்டர் விதி இருக்கும்வரை மட்டச் சரக்குதான் வந்து குவியும், கொள்முதல் பிரிவும் கண்டுகொள்ளாது. விலை கேட்கும் கடிதத்திலேயே சிர்கோனியா சதவீதம், 4.2 அடர்த்தி, அதே சூளைச் சுற்றில் சுட்ட ஒரு ஸ்லீவை உடைத்துப் பார்க்கும் உரிமை, இந்த மூன்றையும் எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.