தோலுக்கடியில் கட்டிகள்: இரண்டாவது பயாப்ஸி எதற்கு?

கேள்வி: என் தங்கைக்கு வயது 27. தொடைகளிலும் கைகளிலும் தோலுக்கடியில் கெட்டியான கட்டிகள் பல மாதங்களாக வருவதும் மறைவதுமாக இருக்கின்றன. விட்டுவிட்டுக் காய்ச்சலும் அடிக்கிறது. முதல் பயாப்ஸியில் கொழுப்புத் திசு அழற்சி என்றார்கள். இப்போது வேறொரு மருத்துவர், லிம்ஃபோமாவாக (நிணநீர் அணுப் புற்றுநோய்) இருக்கலாம், மறுபடியும் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்கிறார். அது தேவையா?

பதில்: தேவைதான். அவர் ஐயப்படுவது பானிகுலைட்டிஸ் (கொழுப்புத் திசு அழற்சி) போலத் தோற்றமளிக்கும், டி அணு என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவில் எழும் அரிய வகை லிம்ஃபோமாவை. இது தோலின் மேலடுக்குகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டுக் கொழுப்பிலேயே குடியிருப்பதால், ஊசிச் சோதனையிலும் வட்டக் கத்தியால் சிறிதாகத் துளைத்தெடுக்கும் பஞ்ச் பயாப்ஸியிலும் எளிதில் தப்பிவிடும். புதிதாக எழும்பிய கட்டி ஒன்றைக் கீறி, கொழுப்பு போதுமான அளவு சேரும்படி ஆழமாகத் துண்டெடுக்க வேண்டும். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிறழ்ந்த டி அணுக்கள் கொழுப்பணுக்களை வளையமிட்டுச் சூழ்ந்திருப்பது முக்கியமான தடயம் என்றாலும், லூபஸ் (நோயெதிர்ப்பு மண்டலம் சொந்தத் திசுக்களையே தாக்கும் நோய்) தரும் பானிகுலைட்டிஸிலும் அதைக் காணலாம் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. இந்த லிம்ஃபோமாவில், அணுவின் வகையைக் காட்டும் புரதங்களில் சிடி8, கிரான்சைம் பி ஆகியவை பாசிட்டிவாகவும் சிடி4, சிடி56 ஆகியவை நெகட்டிவாகவும் இருப்பதே வழக்கம். வேறு வகை நோயெதிர்ப்பு அணுக்களான பி அணுக்களின் திரள்களும் பிளாஸ்மா அணுக்களும் மிகுந்திருந்தால் எண்ணம் லூபஸின் பக்கம் சாயும். ஆனால் லூபஸுக்காகச் செய்யும் ஏ.என்.ஏ. இரத்தச் சோதனை பாசிட்டிவ் என்பதாலேயே லிம்ஃபோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் ஒருவருக்கே இருந்ததுண்டு. காமா-டெல்டா எனப்படும் வேறு வகை டி அணுக்களில் எழும் லிம்ஃபோமாவை 2005 முதல் தனி நோயாகவே பிரித்துவிட்டார்கள். அது மிகவும் தீவிரமானது என்பதால், எந்த வகை என்று அறிக்கையில் தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். கட்டிகள் கெண்டைக்காலில் மட்டும் இருந்திருந்தால் முதலில் காசநோயைத் தேடச் சொல்லியிருப்பேன்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது காய்ச்சல்தான். இந்நோயில் சிலருக்கு நோயெதிர்ப்பு அணுக்கள் கட்டுமீறிச் சொந்த இரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இந்தச் சிக்கல் இல்லாதவர்களில் ஐந்தாண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 91 சதவீதம். சிக்கல் உள்ளவர்களிலோ 46 சதவீதமே. ஆகவே பயாப்ஸி முடிவுக்குக் காத்திராமல் இரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்), ட்ரைகிளிசரைடு (இரத்தக் கொழுப்பு), ஃபைப்ரினோஜன் (இரத்தம் உறையவைக்கும் புரதம்), கல்லீரல் சோதனை ஆகியவற்றை இப்போதே பாருங்கள். காய்ச்சல் இறங்காமல் இரத்த அணுக்களும் குறைந்தால் அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

முதல் பயாப்ஸியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் பழைய ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கி, லிம்ஃபோமாவில் அனுபவமுள்ள நோயியல் மருத்துவரிடம் புதிய துண்டுடன் சேர்த்துக் கொடுங்கள்.